மாணவர் குடியிருப்பை உள்வாடகைக்கு விடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிற்சி வேலைக்காகவும், கள ஆய்வுக்காகவும், வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிப்பதற்காகவும் சில மாதங்கள் வெளியே போகும் மாணவர்கள், தாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் குடியிருப்பை அந்த இடைவெளியில் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுவது பல்கலைக்கழக நகரங்களில் எல்லாம் வழக்கமாகிவிட்டது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை கட்டி, போன இடத்திலும் வாடகை கட்டுவது மாணவர்களில் மிகச் சிலருக்கே முடியும். ஆகவே உள்வாடகையே கூடாது என்று சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. மாணவர்கள் கொண்டுவரும் வாடகை ஒப்பந்தங்களைப் படித்து விளக்கிச் சொல்லும் பணியில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு கோளாறைத் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். மாணவர்கள் முதலில் ஆளைத் தேடுகிறார்கள். அடுத்துப் பணத்தை வாங்குகிறார்கள். பிறகு சாவியைக் கொடுக்கிறார்கள். வீட்டு உரிமையாளரின் நினைவு கடைசியில்தான் வருகிறது, பலருக்கு வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே தொல்லைகளில் பெரும்பகுதி வராமல் போகும்.

உள்வாடகையில் இரண்டு ஒப்பந்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. உரிமையாளருக்கும் மாணவருக்கும் இடையில் இருப்பது முதல் ஒப்பந்தம். மாணவருக்கும் புதிதாக வருபவருக்கும் இடையில் ஏற்படுவது இரண்டாவது. இரண்டாவது வந்துவிட்டதால் முதலாவது ஓய்ந்துவிடுவதில்லை. வந்தவர் வாடகை தராவிட்டால் உரிமையாளர் கேட்பது மாணவரைத்தான். வந்தவர் கதவை உடைத்தாலும், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் போய்க் கீழ்வீட்டுக் கூரை நனைந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் மாணவர்தான். ஜெர்மனியின் சிவில் சட்டத் தொகுப்பு 540ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: உரிமையாளர் அனுமதி கொடுத்திருந்தால்கூட, வீட்டைப் பயன்படுத்தும் மூன்றாம் நபரின் தவறுக்கு வாடகைதாரரே பொறுப்பு. அனுமதி கிடைத்தவுடன் பொறுப்பும் கைமாறிவிட்டது என்று நினைக்கும் மாணவர்கள் ஏராளம். ஒப்பந்தத்தை மீறியதற்காக வெளியேற்றப்படும் ஆபத்தை மட்டுமே அனுமதி நீக்குகிறது. வாடகை பாக்கியும் சேதத்துக்கான செலவும் மாணவரின் தலையில்தான் இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். ஆறு மாதப் பயிற்சிக்காக வேறு நாட்டுக்குப் போன அவர், தோழியின் நண்பர் என்று அறிமுகமான ஒருவரிடம் வீட்டை ஒப்படைத்தார். எழுத்தில் எதுவும் இல்லை. கைபேசியில் சில குறுஞ்செய்திகள் மட்டுமே இருந்தன. முதல் இரண்டு மாதம் பணம் வந்தது; மூன்றாம் மாதம் பாதி வந்தது; அதற்குமேல் வரவில்லை. உரிமையாளர் அனுப்பிய நோட்டீஸ் அந்த வீட்டின் தபால் பெட்டியிலேயே கிடந்தது, உள்ளே இருந்தவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விஷயம் மாணவிக்குத் தெரிய வந்தது, ஒப்பந்தத்தில் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்த அவருடைய தந்தைக்குப் பாக்கித் தொகையைக் கேட்டுக் கடிதம் போன பிறகுதான். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டதே ஒப்பந்த மீறல் என்பதால், உரிமையாளரிடம் நியாயம் பேசக்கூட அந்தக் குடும்பத்துக்கு வாய் இருக்கவில்லை. தந்தை பணத்தைக் கட்டினார். அடுத்த வீடு தேடியபோது முந்தைய உரிமையாளரின் நற்சான்று கிடைக்காமல் அந்த மாணவி பட்ட பாடு தனி.

ஆகவே முதல் வேலை, தன் ஒப்பந்தத்தை எடுத்து உள்வாடகை பற்றிய விதியைத் தேடிப் படிப்பது. அடியோடு கூடாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தால் சரி என்று சிலவற்றில் இருக்கும். சிலவற்றில் பேச்சே இருக்காது. பேச்சே இல்லாத ஒப்பந்தத்தைப் பார்த்ததும் தாராளமாக விடலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த இடத்தில் நாட்டின் சட்டம் வந்து நிற்கிறது, அது பெரும்பாலும் சம்மதத்தைக் கேட்கிறது. இந்தியாவில் மாநிலங்களுக்காக 2021இல் வெளியிடப்பட்ட மாதிரி வாடகைச் சட்டமும், தனியாக ஒரு துணை ஒப்பந்தம் எழுதாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்கிறது. குடியிருப்பு பல்கலைக்கழகத்துக்கே சொந்தமானது என்றால் நிலைமை இன்னும் கடினம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாதாரண வாடகைதாரருக்கு உள்வாடகைக்கு விடும் உரிமையைத் தாராளமாகத் தந்திருக்கும் அதே சிவில் சட்டத் தொகுப்பு, கல்வி நிறுவனத்திடமிருந்து வீடு பெற்ற மாணவர் அதை உள்வாடகைக்கு விடவோ ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித் தரவோ முடியாது என்று 1981ஆம் பிரிவில் நேரடியாகத் தடுக்கிறது. விடுதி அறையையும் மானிய வாடகை வீட்டையும் பொறுத்தவரை, நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கும்வரை எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது.

இந்தக் கட்டத்திலேயே மாணவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: திரும்பி வரப் போகிறோமா? வரப் போவதில்லை என்றால் உள்வாடகை சரியான வழியே அல்ல. அப்போது தேவைப்படுவது ஒப்பந்தத்தையே புதியவர் பெயருக்கு மாற்றித் தருவது, அல்லது உரிமையாளர் புதியவரோடு நேரடியாகப் புது ஒப்பந்தம் போட்டு மாணவரை விடுவிப்பது. இரண்டிலும் மாணவர் விடுபட்டார் என்ற வரி எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றித் தந்த பிறகும் பழைய வாடகைதாரரைப் பிணையாளராகப் பிடித்து வைக்கும் ஒப்பந்தங்களை நான் பார்த்திருக்கிறேன். படிப்பை முடித்துவிட்டுப் போகிறவர்கள், யாரோ ஒருவர் எங்கோ செய்யும் செலவுக்கு மாதக்கணக்கில் பொறுப்பேற்று நிற்பது தேவையற்ற சுமை.

அடுத்தது சம்மதம் கேட்பது. இதில்தான் மாணவர்கள் மிகவும் அலட்சியமாக இருக்கிறார்கள். படிக்கட்டில் பார்த்தபோது சொன்னேன், அவரும் தலையாட்டினார் என்பது சம்மதம் ஆகாது. எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் சொத்துச் சட்டம், 226-பி பிரிவில், நல்ல மாதிரியைத் தருகிறது. நான்கோ அதற்கு மேலோ குடியிருப்புகள் உள்ள கட்டடத்தில் வாழும் வாடகைதாரர், உள்வாடகை தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் பதிவுத் தபாலில் உரிமையாளருக்கு எழுத வேண்டும். எவ்வளவு காலத்துக்கு, யாருக்கு, எந்தக் காரணத்துக்காக விடுகிறோம், வருபவரின் நிரந்தர முகவரி எது, அந்தக் காலத்தில் நாம் எங்கே இருப்போம், உடன் கையெழுத்திட்டவரும் பிணையாளரும் சம்மதித்தார்களா என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். போட உத்தேசித்திருக்கும் உள்வாடகை ஒப்பந்தத்தின் வரைவு நகலும் கூடவே போக வேண்டும். உரிமையாளர் நியாயமான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். கியூபெக்கில் இந்தக் கெடு 15 நாட்கள். எல்லா நாட்டிலும் மௌனம் சம்மதம் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தின் உள்ளடக்கம் எந்த ஊருக்கும் பொருந்தும். முன்பின் தெரியாத ஒருவரைத் தன் வீட்டில் விடச் சொல்கிறோம் என்ற நிலையில், உரிமையாளர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடை தரும் கடிதத்துக்கு மறுப்பு வருவது அரிது என்பதே என் அனுபவம்.

அந்தப் பட்டியலில் உடன் கையெழுத்திட்டவரும் பிணையாளரும் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வீடுகளில், கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற சொற்றொடர் பெரும்பாலும் இருக்கும். ஒருவர் பங்கு வராவிட்டால் அந்தத் தொகையை மற்ற எவரிடமும் உரிமையாளர் கேட்டு வாங்கலாம் என்பதுதான் அதன் பொருள். அப்படியிருக்க, தன் அறையில் யாரை விடுவது என்பதைத் தானே தீர்மானித்துக்கொண்டு கிளம்பிவிடும் மாணவர், அங்கே தொடர்ந்து வாழப்போகும் நண்பர்களுக்கு அநியாயம் செய்கிறார். குளியலறையும் சமையலறையும் பங்கிடப் போகிறவர்கள் அவர்கள். வருபவரை அவர்கள் நேரில் பார்த்துப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாடகை எவ்வளவு வைப்பது என்பதைப் பற்றி விரிவாகப் பேச அவசியமில்லை. தான் கட்டுவதற்கு மேல் ஒரு காசும் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. பிரான்சின் 1989ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், உள்வாடகைக்கு மட்டுமல்ல, அதன் தொகைக்கும் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் முதன்மை வாடகைதாரர் கட்டுவதை அது தாண்டக் கூடாது. ஸ்வீடனில் 2019 அக்டோபர் முதல் விதி மேலும் இறுகியிருக்கிறது: தன் வாடகைக்கு மேல் வாங்க முடியாது, அறைகலன்களோடு விட்டால் அதற்காக அதிகபட்சம் 15 சதவீதம் கூட்டலாம். லாபம் பார்க்கிறார் என்ற சந்தேகம் எழுந்தாலே, மறுக்க நினைக்கும் உரிமையாளருக்கு அது போதுமான காரணமாகிவிடும். விடுமுறை மாதங்களில் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவதால், தான் கட்டுவதைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் வீட்டுச் செலவுக் கணக்கில் முன்பே சேர்த்துக்கொள்வது நல்லது.

சம்மதம் கைக்கு வந்த பிறகுதான் புதியவரோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். நண்பர் என்றாலும் எழுத வேண்டும். நட்பு நிலைக்க வேண்டுமானால் கட்டாயம் எழுத வேண்டும். தொடங்கும் நாள், முடியும் நாள், வாடகைத் தொகை, அது எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்குக்கு வர வேண்டும், மின்சாரமும் தண்ணீரும் இணையமும் யார் பெயரில் இருக்கின்றன, யார் கட்டுவது என்பவை தெளிவாக இருக்கட்டும். முடியும் நாளைத் தான் திரும்பி வரும் நாளுக்குச் சில நாட்கள் முன்னதாக வைப்பது புத்திசாலித்தனம். முதன்மை ஒப்பந்தத்தின் நகலை இணைத்து, அதிலுள்ள கட்டுப்பாடுகள் எல்லாம் புதியவருக்கும் பொருந்தும் என்றும், முதன்மை ஒப்பந்தம் எந்தக் காரணத்தாலாவது முடிந்தால் இதுவும் முடியும் என்றும் எழுத வேண்டும். புதியவர் அந்த வீட்டை மேலும் ஒருவருக்கு விடவோ, நாள் வாடகைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கவோ கூடாது என்ற வரியும் தேவை. உரிமையாளர் எல்லா உள்வாடகைக்கும் கதவைச் சாத்திவிடுவதற்குப் பலமுறை காரணமாக இருந்தது இந்த நாள் வாடகைதான்.

முன்பணம் வாங்கும் மாணவர், தான் இப்போது இன்னொருவருக்கு உரிமையாளராகிவிட்டோம் என்பதை உணர வேண்டும். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்துக்கு உட்பட்ட வாடகைகளில், வாங்கிய முன்பணத்தை 30 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்காவிட்டால், அந்தத் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முழு வீட்டையும் உள்வாடகைக்கு விடும் மாணவரும் இந்தக் கடமைக்குள் வந்துவிடலாம். முன்பணத்தை எடுத்துப் பயணச்சீட்டு வாங்கிவிட்டு, திருப்பித் தரும் நாளில் கையைப் பிசைபவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். அது நம்முடைய பணம் அல்ல. தனிக் கணக்கில் தொடாமல் கிடக்கட்டும், ரசீதும் கொடுத்துவிடுங்கள்.

சாவி கைமாறும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாக நடந்து, கண்ணில் படுவதை எல்லாம் தேதியோடு படம் எடுக்க வேண்டும். கட்டில், மேசை என்று பெரிய பொருள்களை எழுதிவிட்டு முடித்துக்கொள்வது வழக்கம். சண்டை வருவதோ சின்ன விஷயங்களில். அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் சூடான பாத்திரம் வைத்த கரும் வளையம், குளிர்சாதனப் பெட்டியின் உள்தட்டில் உள்ள விரிசல், ஜன்னல் ஓரத்துச் சுவரில் பூத்திருக்கும் பூஞ்சை, மெத்தையின் மறுபக்கத்துக் கறை ஆகியவற்றை அருகில் போய் ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம் என எடுத்துவைத்தால், பிறகு இடம் எது என்ற குழப்பம் வராது. மின்சார மீட்டரின் எண்ணையும் தண்ணீர் மீட்டரின் எண்ணையும் படம் எடுங்கள். எத்தனை சாவி, தபால் பெட்டிச் சாவி கொடுத்தாயிற்றா என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தபாலைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்ப நம்பகமான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அதைவிட நல்லது, போகும் இடத்து முகவரியை உரிமையாளரிடம் கொடுத்துவிடுவது. வாடகைதாரர் காப்பீடு வைத்திருப்பவர்கள், உள்ளே வேறொருவர் வாழும்போது அது செல்லுமா என்று நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்; பல காப்பீடுகள் செல்லாது.

மோசடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விளம்பரம் கொடுத்த சில மணி நேரத்திலேயே, வீட்டைப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் எழுதுவார். கேட்டதைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார். வங்கிக் கணக்கில் தொகை வரவாகிவிட்டதாகத் தெரிந்தாலும், அந்தக் காசோலை போலி என்று சில நாட்கள் கழித்துத் திரும்பும்போது, மாணவர் அனுப்பிய மிச்சத்தொகை போனது போனதுதான். வீடு தேடி வரும் புதிய மாணவர்களுக்கு இதன் மறுபக்கம் காத்திருக்கிறது. வேறொருவர் வீட்டின் படங்களைப் போட்டு, நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று சொல்பவரை ஒருபோதும் நம்ப வேண்டாம். முதன்மை ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதிலுள்ள பெயரையும் அடையாள அட்டையையும் ஒப்பிடுங்கள், உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள். பிரான்சில் அந்தச் சம்மதக் கடிதத்தையும் முதன்மை ஒப்பந்த நகலையும் புதியவரிடம் தர வேண்டியது வாடகைதாரரின் சட்டக் கடமை. ஜெர்மனியில் குடிவந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்யக் குடியமர்த்தியவர் தரும் உறுதிக் கடிதம் தேவை. அதைத் தர மாட்டேன், பதிவு வேண்டாம் என்று சொல்லும் இடத்தை விட்டு விலகிவிடுவதே மேல்.

எல்லாம் சரியாகச் செய்தும் வந்தவர் வாடகையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? முதலில், உரிமையாளருக்குத் தன் கையிலிருந்தோ கடன் வாங்கியோ வாடகையைக் கட்டிவிட்டு அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அடுத்து, வந்தவருக்குத் தேதியிட்டு எழுத வேண்டும். கோபத்தில் பூட்டை மாற்றுவதும், சாமான்களை வெளியே எடுத்துப் போடுவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும் பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். பாக்கி வைத்தவர் மீது வழக்குப் போட வேண்டிய மாணவர் தானே வழக்கில் சிக்கிக்கொள்வார். நோட்டீஸ், அதன் பிறகு தீர்ப்பாயம் அல்லது நீதிமன்றம் என்ற வழிதான் உண்டு. அது மெதுவான வழி. ஆள் தேடும் நாளிலேயே வருமானச் சான்றையும் முந்தைய உரிமையாளரின் பரிந்துரையையும் கூச்சப்படாமல் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான்.

பல்கலைக்கழகங்களின் மாணவர் நல அலுவலகங்களுக்கு இதன் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாணவர்கள் பயிற்சிக்கும் பரிமாற்றப் படிப்புக்கும் போவதை ஏற்பாடு செய்வதே அந்த நிறுவனங்கள்தான். போகும் மாணவருக்கு விசாவும் காப்பீடும் பற்றிக் கையேடு தருபவர்கள், விட்டுப் போகும் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. உரிமையாளருக்கான சம்மதக் கடிதம், உள்வாடகை ஒப்பந்தம், சாவி ஒப்படைக்கும் நாளுக்கான படிவம் ஆகிய மூன்றையும் அந்தந்த ஊர்ச் சட்டத்துக்கு ஏற்ப ஒரு வழக்கறிஞரைக் கொண்டு தயாரித்து, பயணக் கடிதத்தோடு சேர்த்தே மாணவர் கையில் கொடுக்கலாம். உரிமையாளர் பதில் தருவதற்கே ஒரு மாதம் ஆகக்கூடும் என்பதால், மாணவர் கிளம்புவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பாவது இவை அவருக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகர்